எச்சில் பரிசோதனை வேண்டாம். ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுங்கள்

கேள்வி: என் தம்பிக்கு 20 வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. மாத்திரை சாப்பிட்டு இப்போது வேலைக்குப் போய்வருகிறான். என் மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். தாய்மாமனுக்கு வந்தது அவளுக்கும் வருமோ என்று பயமாக இருக்கிறது. எச்சிலை அனுப்பினால் மனநோய் வரும் வாய்ப்பைக் கணக்கிட்டுச் சொல்வார்கள் என்கிறார் வெளிநாட்டு உறவினர் ஒருவர். தம்பி சிகிச்சை பெறும் மருத்துவமனையிலோ, மரபணு ஆராய்ச்சிக்குக் குடும்பமாக ரத்தம் கேட்கிறார்கள். எதைச் செய்யலாம்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்கிறேன். மனச்சிதைவு நோய் பொதுவாக 100 பேரில் ஒருவருக்கு வரலாம். மாமனுக்கோ அத்தைக்கோ இருந்தால் அது ஏறக்குறைய 4 பேர் ஆகலாம். அதாவது, உங்கள் மகளைப் போன்ற 100 பேரில் 96 பேருக்கு இந்த நோய் வருவதில்லை. ஆனால் மருத்துவர்கள் பல காலமாகச் சொல்லிவரும் இந்தக் கணக்கே ஐரோப்பியக் குடும்பங்களில் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்ததுதான். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

மனச்சிதைவு நோய்க்கு ஒற்றை மரபணு காரணமல்ல. 2022இல் வெளியான பெரிய ஆய்வு, நோயோடு தொடர்புள்ள 287 இடங்களை நம் மரபுத்தொடரில் சுட்டிக்காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. எச்சில் பரிசோதனையில் இப்படிப்பட்ட குறிகளைக் கூட்டித்தான் ‘அபாய மதிப்பெண்’ தருகிறார்கள். 2019இல் எடுத்த கணக்குப்படி, இவ்வகை மரபணு ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் சுமார் 79 சதவீதம் பேர் ஐரோப்பிய வம்சாவளியினர். உலக மக்கள்தொகையில் அவர்கள் 16 சதவீதம்தான்.

மனித உடல் எங்கும் ஒன்றுதானே, அந்த மதிப்பெண் நமக்கு ஏன் பொருந்தாது என்று கேட்பீர்கள். ஆய்வில் கிடைப்பது பெரும்பாலும் நோய்க்குக் காரணமான மாற்றமல்ல, அதன் அருகிலுள்ள ஓர் அடையாளம். ‘புளியமரத்துக்குப் பக்கத்து வீடு’ என்று ஓர் ஊரில் வழி சொன்னால் சரியாகப் போய்ச் சேரலாம். அடுத்த ஊரில் புளியமரம் வேறெங்கோ நிற்கும். எந்த அடையாளம் எந்த மாற்றத்தோடு சேர்ந்து வருகிறது என்பது மக்கள் கூட்டத்துக்குக் கூட்டம் மாறும். 2019இல் கிழக்கு ஆசியர்களை ஆராய்ந்தபோது இது தெளிவானது. மனச்சிதைவு நோயின் மரபியல் அடிப்படை அவர்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனாலும் ஐரோப்பியர்களை வைத்து உருவாக்கிய மதிப்பெண் கிழக்கு ஆசியர்களிடம் குறைவாகவே பலித்தது. ஐரோப்பியர்களிலேயே அந்த எண்ணை வைத்துத் தனி ஒருவருக்கு நோய் வருமா, வராதா என்று சொல்லிவிட முடியாது. அப்படியிருக்க, அதை நம்பி உங்கள் மகளின் வாழ்க்கையை முடிவு செய்யலாமா? எச்சில் பரிசோதனை வேண்டவே வேண்டாம்.

அடுத்து, ரத்தம் கொடுப்பது பற்றி. பலதரப்பட்ட மக்களை ஆராய்ந்தால் உயிர்கள் பிழைக்கும் என்பதற்குக் கார்பமசிப்பின் மாத்திரை சான்று. வலிப்புக்கும் இருதுருவ மனநோய்க்கும் கொடுக்கப்படும் இந்த மருந்து, சிலருக்குத் தோலே உரிந்து உயிருக்கு ஆபத்தாகும் ஒவ்வாமையை உண்டாக்கும். 2004இல் தைவான் மருத்துவர்கள் அப்படிப் பாதிக்கப்பட்ட 44 பேரைப் பரிசோதித்தார்கள். 44 பேரிடமும் எச்.எல்.ஏ-பி 15:02 என்ற மரபணு வகை இருந்தது. ஐரோப்பியர்களிடம் இது மிக அரிது. அவர்களை மட்டும் ஆராய்ந்திருந்தால் கண்ணில் பட்டிருக்காது. பிறகு தைவானில் மருந்து தொடங்கும் முன் 4,877 பேருக்கு இந்தச் சோதனையைச் செய்து, அந்த வகை உள்ளவர்களுக்கு மருந்தைத் தவிர்த்தார்கள். அந்த 4,877 பேரில் ஒருவருக்கும் அந்தக் கொடிய ஒவ்வாமை வரவில்லை.

நம்மவர்களும் சும்மா இருந்துவிடவில்லை. சென்னையின் ஸ்கார்ஃப் மனநல நிறுவனம் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து நோயாளிகளையும் குடும்பத்தாரையும் ஆராய்ந்தது. சுமார் 3,000 பேர் பங்கேற்ற அந்த ஆய்வு 2019இல் வெளியானது. நயாசின் என்ற வைட்டமினை உடல் பயன்படுத்தும் பாதைக்கும் மனச்சிதைவு நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று அது காட்டியது. உடனே யாரும் வைட்டமின் மாத்திரை வாங்கிச் சாப்பிட வேண்டாம், அது சிகிச்சையாகிவிடவில்லை. ஆராய்வதற்கு ஒரு புதிய வழி, நம் குடும்பங்கள் தந்த ரத்தத்தால் திறந்திருக்கிறது. மற்ற நாட்டு ஆய்வுகளில் பல லட்சம் பேர் பங்கேற்கும்போது 3,000 போதாது. தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளும் சாதிக்குள்ளும் மணம் முடித்துவரும் நம் நாட்டில் ஒவ்வொரு சமூகத்துக்கும் தனி மரபு வரலாறு உண்டு. ஒரு சமூகத்தை ஆராய்ந்துவிட்டு இந்தியா முழுவதற்கும் பேசிவிட முடியாது.

ஆகவே, மனம் ஒப்பினால் ரத்தம் கொடுங்கள். கையெழுத்திடும் முன் சில கேள்விகளைக் கேளுங்கள்: நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா? பெயரை நீக்கித்தான் தகவலைச் சேமிப்பார்களா? யார் யாருடன் பகிர்வார்கள்? விரும்பினால் பாதியில் விலகலாமா? விலகும் உரிமை உங்களுக்கு உண்டு. அதனால் தம்பியின் சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. தம்பியின் சம்மதத்தை அவரிடமே கேளுங்கள். மகளும் தன் முடிவைத் தானே எடுக்கட்டும்.

இந்த ரத்தத்திலிருந்து உங்கள் மகளுக்கென்று தனிப்பட்ட முடிவு எதுவும் வராது. நாளை இதே கேள்வியோடு வரும் குடும்பத்துக்கு, நம் மக்களுக்குப் பொருந்தும் பதிலை மருத்துவர் சொல்ல அது உதவும். மகளின் திருமணப் பேச்சைத் தயங்காமல் தொடருங்கள்.