குறியீட்டெண் காட்டும் கருவி: ஒரு பாடம்

இராஜபாளையத்திற்கு மேற்கே மலையடிவாரத்திலுள்ள அய்யனார் கோவிலுக்குச் செல்வோர், ஆற்றில் நீர் எவ்வளவு வருகிறது என்று விசாரித்துக்கொண்டு புறப்படுதல் நலம். கீழே வெயில் காயும்போதே, மேல்மலையில் பெய்த மழை வெள்ளமாக இறங்கிவிடக்கூடும். ஒரு மணி நேரத்திற்கு முன் கேட்ட செய்தியை நம்பி ஆற்றில் இறங்குவது அபாயம். ஆனால், ஆற்று நீரின் அளவைச் சரியாக அறிந்தவருக்கும் தம் கிணற்றில் எத்தனை அடி நீர் என்பது அதனால் தெரிந்துவிடாது. செய்தி எப்பொழுதையது என்பது ஒரு கேள்வி. எதைப் பற்றியது என்பது மற்றொன்று. பங்குச் சந்தைக் குறியீட்டெண்ணை உடனுக்குடன் கைபேசியில் காட்டும் கருவிகளைப் பற்றிய இப்பாடத்திற்கு இவ்விரு கேள்விகளே அடிப்படையாகும்.

1. குறியீட்டெண் என்பது யாது?

பல கம்பெனிகளின் பங்கு மதிப்பைச் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்வதே குறியீட்டெண். மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் 30 கம்பெனிகளைக் கொண்டது. 1978-79ஆம் ஆண்டின் மதிப்பை 100 எனக் கொண்டு, 1986 முதல் வெளியிடப்படுகிறது. தேசியப் பங்குச் சந்தையின் நிஃப்டி 50 கம்பெனிகளைக் கொண்டது. 1995 நவம்பர் 3ஆம் தேதியின் மதிப்பை 1000 எனக் கொண்டு, 1996இல் தொடங்கப்பட்டது.

கணக்கிடும் முறையை ஓர் உதாரணத்தால் அறியலாம். இரண்டு ஆலைகள் மட்டும் உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொன்றிற்கும் சந்தையில் கைமாறக்கூடிய பங்குகள் 100. முதல் ஆலையின் பங்கு ரூ.50, இரண்டாவதன் பங்கு ரூ.150. மொத்த மதிப்பு ரூ.20,000. இதனை 1000 என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் முதல் பங்கு ரூ.60 ஆகிறது, இரண்டாவது ரூ.144க்கு இறங்குகிறது. மொத்த மதிப்பு ரூ.20,400. குறியீட்டெண் 1020. எண் ஏறிவிட்டது, எனினும், இரண்டாவது ஆலையின் பங்கை வைத்திருப்பவருக்கு நஷ்டமே. குறியீட்டெண் கூட்டத்தின் போக்கைக் கூறுமேயன்றித் தனி ஒருவரின் லாப நஷ்டத்தைக் கூறாது.

2. கருவி வேலை செய்யும் விதம்

பங்குகள் கைமாறக் கைமாறச் சந்தையின் கணினிகள் இந்த எண்ணைக் கணக்கிட்டுக்கொண்டே இருக்கின்றன. நம் கைபேசியிலுள்ள மென்பொருள் எதனையும் கணக்கிடுவதில்லை. அது இணையத்தின் வழியே ஒரு கணினிக்கு விண்ணப்பம் அனுப்புகிறது. குறியீட்டின் பெயர், தற்போதைய எண், முந்தைய நாளைவிட ஏற்ற இறக்கம், நேரம் ஆகியவை பதிலாக வருகின்றன. சில விநாடிகளுக்கு ஒரு முறை இவ்வாறு கேட்பதனால் எண் ஓடுவதுபோல் தோன்றுகிறது.

உடனடித் தகவலைப் பிறருக்கு வழங்கச் சந்தைகள் கட்டணம் பெறுகின்றன. ஆகவே இலவசமாகக் கிடைப்பவற்றுள் சில, 15 நிமிடம் பிந்திய எண்ணைக் காட்டக்கூடும். எண்ணுக்கு அருகிலுள்ள நேரத்தை முதலில் பார்த்தல் வேண்டும். வேலை நாட்களில் காலை 9.15 முதல் மாலை 3.30 வரையே பங்கு வியாபாரம் நடைபெறும். விசேஷ நாட்கள் நீங்கலாக, ஞாயிற்றுக்கிழமையில் நிஃப்டி ஏறி இறங்குவதாகக் காட்டும் கருவி பொய்க் கருவியே.

3. நமது தொழிலுக்கு இதனால் பயன் என்ன?

நிஃப்டி ஏறியதென்று பருத்தியை விற்காமல் வைத்திருப்பதும், இறங்கியதென்று அவசரமாக விற்பதும் தவறு. வங்கிகள், கணினி நிறுவனங்கள், எண்ணெய்க் கம்பெனிகள் முதலியவையே அந்த எண்ணைப் பெரிதும் அசைக்கின்றன. பருத்தி பயிரிடுவோர் பார்க்கத்தக்கவை வேறு: 2016இல் தொடங்கிய இ-நாம் மின்னணுச் சந்தையில் தெரியும் விலைகளும், மத்திய அரசின் ஆதரவு விலையும் ஆகும். 2025-26ஆம் பருவத்திற்கு அவ்விலை, குவிண்டாலுக்கு நடுத்தர இழைப் பருத்திக்கு ரூ.7,710, நீள இழைப் பருத்திக்கு ரூ.8,110. சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்வோருக்கு அன்றைய நூல் விலையே உண்மையான குறியீட்டெண்.

4. ஓர் எச்சரிக்கை

மோசடிச் செயலிகள் பல, முதற்பக்கத்தில் உண்மையான குறியீட்டெண்ணையே காட்டுகின்றன. செய்தித்தாளோடு ஒப்பிட்டால் சரியாக இருக்கும். அந்த நம்பிக்கையில் பணம் கட்டியபின், அடுத்த பக்கத்தில் காட்டப்படும் லாபம் வெறும் கற்பனை. எடுக்கப் போனால் மேலும் பணம் கேட்பார்கள். பங்கு வாங்க விரும்புவோர், செபியிடம் பதிவு பெற்ற தரகர் மூலமே வாங்குக. வாங்கிய பங்கு என்.எஸ்.டி.எல். அல்லது சி.டி.எஸ்.எல். அனுப்பும் கணக்கறிக்கையில் இருக்கிறதா என்று பார்க்க. ஏமாற்றப்பட்டது தெரிந்தவுடன், தாமதியாமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்க.

சங்கக் கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

அ. மேற்கண்ட உதாரணத்தில் இரண்டாவது பங்கு ரூ.138 ஆனால் குறியீட்டெண் என்ன?

ஆ. நம் சங்க அறிவிப்புப் பலகையில் தினந்தோறும் எழுதத்தக்கது எந்த விலை? ஏன்?

இ. ஒரு கருவி காட்டும் எண் சரியாக இருப்பதனாலேயே அதனிடம் பணத்தை ஒப்படைக்கலாமா?