நாலு ஏக்கர் இங்கிலாந்துக் காடு: வாங்கினா என்ன பண்ணணும்?

காடு வாங்குறதுன்னு சொன்னா நம்ம மனசுல ரெண்டு எண்ணம் வரும். ஒண்ணு, காடு அரசாங்கத்தோடது, அதை எப்படி வாங்க முடியும்? ரெண்டு, அப்படியே வாங்கினாலும் சுத்தி வேலி போட்டு, வெட்டாம விட்டா போதும், அதுவே தன்னைப் பார்த்துக்கும். இங்கிலாந்தைப் பொறுத்தவரை ரெண்டும் சரியில்லை. அங்கே காட்டின் பெரும்பகுதி தனியார் கையில் இருக்கிறது. மூணு ஏக்கர், அஞ்சு ஏக்கர்னு சின்னத் துண்டுகளாக விற்பனைக்கு வருகிறது. வாங்க அந்த நாட்டுக் குடியுரிமைகூட வேண்டாம். ஆனால் வாங்கிவிட்டு சும்மா விட்டால் பல காடுகள் மெதுவாகக் கெட்டுப்போகும்.

இதை எதுக்கு நம்ம இதழில் எழுதணும்? இது நமக்குப் பழக்கமான வகை ப்ராப்ளம், அதனால்தான். இன்புட் இருக்கு, அவுட்புட் இருக்கு, கன்ஸ்ட்ரெயின்ட் இருக்கு. வாங்க, ஒரு நாலு ஏக்கரை, அதாவது சுமார் 1.6 ஹெக்டேரை எடுத்துக் கணக்குப் போடுவோம்.

முதலில் இது எந்த மாதிரிக் காடு? பைன் மாதிரி ஊசியிலை மரங்கள் இல்லை. ஓக், ஆஷ், பர்ச், ஹேசல் போன்ற அகன்ற இலை மரங்கள். குளிர்காலத்தில் இலை முழுக்கக் கொட்டிவிடும். தெற்கு இங்கிலாந்தில் வழக்கமான அமைப்பு, மேலே ஓக், ஆஷ் போன்ற பெரிய மரங்கள், கீழே புதர் மாதிரி ஹேசல். 1600-ஆம் ஆண்டிலிருந்து தொடர்ந்து காடாகவே இருக்கும் இடத்தைப் 'பழங்காடு' என்று தனியாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதற்கு முன் மரம் நட்டுக் காடு உருவாக்கும் பழக்கம் குறைவு. அதனால் அப்போதே இருந்த காடு பெரும்பாலும் தானாக வந்ததாகத்தான் இருக்கும் என்பது லாஜிக்.

விலை? தெற்கில் சின்னத் துண்டுகள் ஏக்கருக்கு 10,000 பவுண்டு அளவில் போவது சாதாரணம். ஆக நம்ம நாலு ஏக்கருக்கு 40,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம்.

நம்ம ஊரில் இடம் வாங்கும்போது வில்லங்கம் பார்ப்போமே, அது அங்கேயும் உண்டு, ரூபம்தான் வேற. காடு உங்களுடையது, ஆனால் சாலையிலிருந்து அதுவரை போகும் பாதை பக்கத்துப் பண்ணைக்காரருடையது என்று இருக்கலாம். அந்தப் பாதையில் நடந்து போக மட்டும் உரிமையா, விறகு ஏற்றிய வண்டி போகவும் உரிமையா என்று பத்திரத்தில் பார்க்கணும். வண்டி போகாத காட்டில் வெட்டிய மரம் அங்கேயே மக்க வேண்டியதுதான். வேட்டை உரிமையைப் பழைய உரிமையாளர் தன்னிடமே வைத்துக்கொண்டு நிலத்தை மட்டும் விற்பதும் உண்டு. அப்புறம், "காட்டுக்குள்ள ஒரு வீடு கட்டி செட்டில் ஆயிடலாம்" என்ற கனவை இப்பவே கழற்றி வைங்க. ஆண்டுக்கு 28 நாள் வரை டென்ட் போட்டுத் தங்க அனுமதி கேட்க வேண்டியதில்லை. குடியிருக்க, திட்ட அனுமதி வேணும், அது லேசில் கிடைக்காது.

இதையெல்லாம் விடப் பெரிய ரிஸ்க் ஒரு பூஞ்சை. ஆஷ் மரங்களை நுனியிலிருந்து கருகவைக்கும் நோய் 2012-ல் பிரிட்டனில் முதன்முதலாக உறுதி செய்யப்பட்டது. இப்போது நாடு முழுக்கப் பரவி, ஆஷ் மரங்களில் பெரும்பாலானவற்றைக் கொல்லும் என்று எதிர்பார்க்கிறார்கள். நோய் வந்த ஆஷ் கட்டை பொடுபொடுவென்று ஆகிவிடும். வெட்டும்போது எந்தப் பக்கம் ஒடியும் என்று அனுபவசாலிகளாலேயே கணிக்க முடியாது. காட்டுக்குள் நடுவில் நிற்கும் ஆஷ் விழுந்தால் பெரிய பிரச்சினை இல்லை, அப்படியே விட்டால் பறவைக்கும் பூச்சிக்கும் வீடு. சாலை ஓரத்தில் நிற்கும் ஆஷ் வேற கதை. அது ஒரு கார் மேல் விழுந்தால் கேள்வி உரிமையாளரிடம்தான் வரும். சாலையை மறித்து, இயந்திரம் கொண்டுவந்து வெட்டும் செலவும் அவர் தலையில். அதனால் ஒரு காடு சாலை ஓரத்தில், சல்லிசான விலையில் வந்தால், விலையைப் பார்க்காமல் எல்லையில் எத்தனை ஆஷ் என்று எண்ணுங்கள். அதையும் ஜூலை, ஆகஸ்டில் எண்ணணும். குளிர்காலத்தில் எல்லா மரமும் மொட்டையாகத்தான் நிற்கும், செத்தது எது, தூங்குவது எது என்று தெரியாது.

சரி, வாங்கியாச்சு. இப்போ, வெட்டாமல் விட்டால் ஏன் கெடும்? கரும்பு வெட்டின கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்து வருவதை மறுதாம்பு என்போம் இல்லையா? அகன்ற இலை மரங்களில் பலவற்றை அதே மாதிரி தரையோடு வெட்டினால், அடிக்கட்டையிலிருந்து பத்து இருபது தண்டு கிளம்பும். ஹேசலை 7 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை இப்படி வெட்டுவார்கள். வெட்டாத ஹேசல் 80 ஆண்டு அளவில் வயசாகிச் சாயும். திரும்பத் திரும்ப வெட்டிய அடிக்கட்டை பல நூறு ஆண்டு இருக்கும். முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும்னு பாட்டி சொல்றது ஞாபகம் வருதா? (அந்தப் பழமொழியின் ரெண்டாவது பாதி நமக்கு வேண்டாம்.) சஃபோக் மாவட்டத்தில் பிராட்ஃபீல்டு காட்டில் 1252-ஆம் ஆண்டிலிருந்து இந்த முறை தொடர்கிறது. அப்போது அது ஒரு கிறிஸ்தவ மடத்தின் சொத்து.

வெட்டிய இடத்தில் வெயில் தரைக்கு இறங்கும். அதுவரை நிழலில் காத்திருந்த புளூபெல், ப்ரிம்ரோஸ் எல்லாம் அடுத்தடுத்த வசந்தங்களில் அள்ளிக்கொண்டு பூக்கும். சில வருஷத்தில் தண்டுகள் மூடி நிழலாகிவிடும். அதற்குள் பக்கத்துத் துண்டை வெட்டியிருப்பீர்கள். பூவும் பட்டாம்பூச்சியும் அங்கே நகரும். எழுநூறு வருஷமாக மனுஷன் வெட்டிக்கொண்டே இருந்ததற்குப் பழகிய உயிர்கள் இவை. கத்தியை ஒரேயடியாக நிறுத்தினால் எல்லா இடமும் ஒரே சமயத்தில் இருண்டுவிடும்.

வெட்டச் சட்டம் விடுமா? 1967-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி மரம் வெட்ட லைசென்ஸ் வேணும், இங்கிலாந்தில் அதை வன ஆணையம் இலவசமாகவே தருகிறது. லைசென்ஸ் இல்லாமலும் மூணு மாதத்துக்கு 5 கன மீட்டர் வரை வெட்டலாம், அதில் 2 கன மீட்டருக்கு மேல் விற்கக்கூடாது. மார்பு உயரத்தில் 15 சென்டிமீட்டருக்குக் குறைவான மறுதாம்புத் தண்டுகளுக்கு லைசென்ஸே தேவையில்லை. மீறினால் 2023 ஜனவரி முதல் அபராதத்துக்கு உச்சவரம்பு கிடையாது. பாதுகாக்கப்பட்ட பகுதி, தனி மரப் பாதுகாப்பு ஆணை இருந்தால் விதி இன்னும் இறுகும்.

இப்போ கணக்கு. மூணு மாதத்துக்கு 5 என்றால் ஆண்டுக்கு 20 கன மீட்டர். இந்த மாதிரிக் காடு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு சுமார் 4 முதல் 6 கன மீட்டர்தான் வளரும். நம்ம 1.6 ஹெக்டேருக்கு 6.4 முதல் 9.6. கவனிச்சீங்களா? சட்டம் விடும் அளவு, காடு வளரும் அளவைப் போல ரெண்டு மடங்குக்கு மேல். சட்டத்தை மீறாமலேயே ஒருத்தர் தன் காட்டை வருஷா வருஷம் மெலிய வைக்க முடியும். லிமிட்டை லைசென்ஸ் ஆபீஸ் போடாது, நீங்கதான் போட்டுக்கணும்.

கீழ் எல்லையாக 6 கன மீட்டர் எடுப்போம். காய்ந்த மரத்தின் எடை கன மீட்டருக்கு 550 கிலோ என்றால் 3,300 கிலோ. 20 சதவீத ஈரத்தோடு சேர்த்தால் 4,100 கிலோ சொச்சம். அந்த ஈரத்தில் ஒரு கிலோ விறகு சுமார் 4 யூனிட் வெப்பம் தரும். பச்சை விறகில் பாதி தண்ணீர், கிலோவுக்கு 2.2 யூனிட்தான் கிடைக்கும், அந்தத் தண்ணீரை ஆவியாக்கவும் கொஞ்சம் வெப்பம் போகும். (தெர்மோடைனமிக்ஸ் இன்டர்னலில் லேட்டன்ட் ஹீட் எதுக்குன்னு கேட்டவங்க கவனிக்க.) அதனால் பிளந்து, அடுக்கி, ஒண்ணு ரெண்டு வருஷம் காய வைக்கணும். ஆக மொத்தம் 16,500 யூனிட். அடுப்பின் திறன் 75 சதவீதம் என்றால் கைக்கு வருவது சுமார் 12,400. பிரிட்டனில் ஒரு நடுத்தர வீடு ஆண்டுக்கு எரிக்கும் எரிவாயு 11,500 யூனிட் என்று எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் 2023-ல் வைத்த கணக்கு. நாலு ஏக்கர், ஒரு வீட்டுக் குளிருக்குச் சரியாகப் போய்விடுகிறது.

பணமாகப் பார்த்தால் சிரிப்பு வரும். எரிவாயு யூனிட் 6 பென்ஸ் என்றால் மிச்சமாவது ஆண்டுக்கு 690 பவுண்டு. 40,000-ஐ வகுத்தால் 58 வருஷம், உங்கள் உழைப்புக்குச் சம்பளமே போடாமல். நிலம் உங்களிடமே இருக்கும் என்பது உண்மைதான், ஆனாலும் இதை இன்வெஸ்ட்மென்ட் என்று யாராவது உங்களிடம் விற்க வந்தால் கால்குலேட்டரை எடுங்க. ஒவ்வொரு குளிர்காலமும் கையில் ரம்பத்தோடு சில வார இறுதிகளைக் கழிக்க ஆசை இருக்கிறவருக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தும்.

வேலையைப் பிரிப்பது எப்படி? எட்டு வருஷச் சுழற்சி என்றால் எட்டுத் துண்டு, வருஷம் ஒண்ணு, அப்படியே சர்க்குலர் க்யூ என்று தோணும். ஆனால் அரை ஏக்கர் துண்டு ரொம்பச் சின்னது, சுற்றி நிற்கும் மரங்களின் நிழலே அதை மூடிவிடும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு ஏக்கர், நாலு துண்டு, என்று பிரிப்பது மேல். எல்லாப் பெரிய மரத்தையும் எடுத்துவிடவும் கூடாது. எட்டாம் ஹென்றி காலத்தில், 1543-ல் வந்த சட்டமே ஏக்கருக்கு 12 மரத்தை விட்டு வைக்கச் சொன்னது, கப்பலுக்கும் வீட்டுக்கும் ஓக் வேணுமே.

வெட்டுவது குளிர்காலத்தில், பிப்ரவரி முடிவதற்குள். மார்ச்சில் பறவைகள் கூடு கட்டத் தொடங்கிவிடும். டார்மவுஸ் என்ற சின்னக் கொறி விலங்கு இருக்கும் காடா என்று முதலில் தெரிந்துகொள்ளணும். அது சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, குளிர்காலம் முழுக்கத் தரையில், சருகுக்கு அடியில் தூங்கும்.

கடைசியாக மான். வெட்டிய அடிக்கட்டையில் வரும் இளந்தளிர் அதுக்குப் பிரியாணி மாதிரி. ரெண்டு மூணு வருஷம் தொடர்ந்து தின்றால் அடிக்கட்டையே செத்துப்போகும், நூறு வருஷ வேர் உட்பட. வெட்டிய சிறு கிளைகளை அடிக்கட்டை மேல் குவித்து மூடுவது ஒரு மலிவான தடுப்பு. மான் அதிகம் என்றால் ஆளுயரத்துக்கு மேல் வலை வேலிதான் வழி. முதல் துண்டை வெட்டிய பிறகு வரும் கோடை முடிவில் ஒரு டேப் எடுத்துக்கொண்டு போங்க. நல்லா இருக்கும் ஹேசல் முதல் வருஷத்திலேயே ஒரு மீட்டரைத் தாண்டும். முழங்கால் உயரத்தில் நுனி கடிபட்டு நின்றால், வேலி போட்டு முடிக்கும்வரை ரெண்டாவது துண்டில் ரம்பம் வைக்காதீங்க.