பூசணிக்காய் உடைத்த கையோடு

ஓசூர் ஜூஜுவாடியில் சர்வீஸ் ரோட்டு ஓரம் ஒரு தகர ஷெட். முப்பத்தைந்து வருடம் அதற்குள் ஸ்பேனர் பிடித்தேன். இப்போது முட்டி மடங்குவதில்லை. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொல்லுகிற வேலை மட்டும் என்னுடையது. சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்து, போனஸ் பணத்தை முன்பணமாகக் கட்டி, ஸ்போர்ட்ஸ் பைக் எடுத்த பிள்ளைகள் டிசம்பர் பிறந்ததும் வருவார்கள். "மேஸ்திரி, குளிர்காலம் வந்துடுச்சு, வண்டியை மூடி வைக்கணும்." எங்கேயடா பார்த்தாய் என்றால் போனை நீட்டுவான். அதில் ஒரு வெள்ளைக்காரன், பனி கொட்டுகிற ஊரில், காருக்குப் போர்வை போர்த்திக்கொண்டிருப்பான். ஒவ்வொருவனுக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் மொத்தமாக எழுதிவிட்டேன்.

1. காலண்டரைப் பார்க்காதே, ரோட்டைப் பார்.

என் அண்ணன் மகன் கனடாவில், டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோவில் இருக்கிறான். இரண்டு பேர் மட்டும் உட்காரும் மஸ்டா கார் ஒன்று வைத்திருக்கிறான், மேல்கூரையை மடக்கிவிட்டு ஓட்டுகிற வகை. வருடா வருடம் நவம்பர் வாக்கில் அதை மூடிவிடுவான். "பனிக்கு பயமா?" என்று ஒருமுறை கேட்டேன். "பனி இல்லை சித்தப்பா, உப்பு" என்றான். ஐஸ் கட்டக் கூடாதென்று அங்கே ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் அடித்தகட்டில் ஏறினால் இரும்பைத் தின்றுவிடும். உப்பு லாரி முதல்முறை தெருவுக்கு வரும் நாளுக்கு முன் அவன் வண்டி உள்ளே போய்விடும். பனி உருகினாலும் உடனே எடுப்பதில்லை. இரண்டு நல்ல மழை பெய்து ரோட்டைக் கழுவட்டும் என்று பொறுத்திருப்பான். இன்னொரு காரணமும் சொன்னான்: வெயில்கால டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே போனால் விறைத்துக்கொள்ளும், பிடிப்பு போய்விடும்.

நம் ஊர் ரோட்டில் உப்பைக் கொட்டுவாரும் இல்லை, பாதரசம் 7 டிகிரிக்கு இறங்குவதும் வழக்கமில்லை. அவன் மூடுவதற்குச் சொன்ன இரண்டு காரணமும் இங்கே செல்லாது. பிறகு அவன் தேதி மட்டும் உனக்கு எதற்கு?

2. இங்கே குளிர்காலம்தான் ஓட்டுகிற காலம்.

ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர். வெள்ளைக்காரன் இந்த இதத்தைப் பார்த்துத்தான் குட்டி இங்கிலாந்து என்று கொஞ்சினான். மார்கழி பாதியிலிருந்து மாசி முடிய ரோடு காய்ந்து கிடக்கும், என்ஜின் கொதிக்காது, ஹெல்மெட்டுக்குள் வேர்க்காது. கிருஷ்ணகிரி வரை போய் டிபன் சாப்பிட்டுத் திரும்ப அதைவிட நல்ல காலம் வருடத்தில் கிடையாது. அந்த இரண்டரை மாதத்தில் வண்டியை மூடி வைப்பவன், கல்யாணத்துக்குப் போய் உண்ணாவிரதம் இருப்பவன்.

ஒன்று மட்டும் கவனம். விடியற்காலை அத்திப்பள்ளி எல்லையில் மூடுபனி இறங்கும்போது, பின்விளக்கு எரியாத கன்டெய்னர் லாரி ஓரத்தில் நிற்கும். ஏழரை மணிக்கு மேல் கிளம்பு. டயர் சூடாகும்வரை முதல் ஐந்தாறு கிலோமீட்டர் வளைவில் சாய்க்காதே.

3. மூடவேண்டியது மழைக்கு.

புரட்டாசி மழைக்கு ஒரு குணம் உண்டு. பகலெல்லாம் புழுங்கி, மாலையில் இடித்துக்கொண்டு வந்து கொட்டிவிட்டுப் போய்விடும். மறுநாள் காலை ரோடு காய்ந்திருக்கும், ஓட்டலாம். ஐப்பசி அப்படி இல்லை. அடைமழை. தூறல் நிற்காது, துணி காயாது, சர்வீஸ் ரோட்டுப் பள்ளம் எது குளம் எது தெரியாது. மழை தொடங்கின அரை மணிதான் இன்னும் மோசம். லாரிகள் சிந்தின டீசலும் ரப்பர் தூளும் ரோட்டில் மிதந்து வரும். அகல டயர் வண்டிக்கு அது சோப்புத் தரை.

இரண்டுக்கும் நடுவில் வருவது ஆயுத பூஜை. அதைத்தான் நான் கணக்காக வைத்திருக்கிறேன். எப்படியும் அன்றைக்கு வண்டியைக் கழுவுவாய், சந்தனம் குங்குமம் வைப்பாய், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்குவாய். பூசணிக்காய் உடைத்த கையோடு ஒரு சுற்று நன்றாக ஓட்டு, காயவிடு, உள்ளே ஏற்று. ஈரத்தோடு மூடின வண்டி, ஈரத்தோடு மடித்த வேட்டி மாதிரி நாறும். 2024-ல் ஆயுத பூஜை அக்டோபர் 11, அதற்கு அடுத்த வருடம் அக்டோபர் 1. பத்து நாள் முன்னே பின்னே வந்தாலும் மழையின் போக்குக்கு ஏறக்குறைய சரியாகவே வரும்.

4. எடுக்க அவசரப்படாதே.

கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை என்பார்கள். பலர் அதை அரைகுறையாக எடுத்துக்கொண்டு, கார்த்திகை பிறந்ததுமே போர்வையை உருவிவிடுகிறார்கள். 2024-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்து, வலுவிழந்துவிட்டது என்று எல்லோரும் மூச்சு விட்ட நேரத்தில் நம் மாவட்டத்தின் மேல் வந்து கொட்டியது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். பஸ் நிலையம் பக்கம் ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் பஸ்ஸையும் வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதை டிவியில் பார்த்திருப்பாய். அது டிசம்பர் 2, கார்த்திகை 17. ஆக, பழமொழி பொய்யில்லை. மாதம் முழுவதும் முடியவேண்டும் என்றுதான் அதற்கு அர்த்தம். மார்கழிக் கோலம் வாசலில் ஏறட்டும், பிறகு எடு.

5. மூடவேண்டுமா என்பதையே முதலில் யோசி.

இதை முதலில் எழுதியிருக்கவேண்டும், ஞாபகம் பிந்திவிட்டது. தொடர்ந்து எத்தனை நாள் எடுக்கமாட்டாய்? மூன்று வாரத்துக்குள் என்றால் மூடாதே. வாரம் ஒருமுறை மழை விட்ட நேரத்தில் அரை மணி ஓட்டினால் போதும். மூன்று வாரத்துக்கு மேல் என்றால் முறையாக மூடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. தினம் காலை செல்ஃபை அழுத்தி ஐந்து நிமிஷம் உறுமவிட்டு அணைப்பது. அக்கம்பக்கத்துக்கு வண்டி இருப்பது தெரியும், வேறு லாபம் இல்லை. ஸ்டார்ட் பண்ண பேட்டரி இழந்தது அந்த ஐந்து நிமிஷத்தில் திரும்பி ஏறாது. என்ஜின் முழுச்சூடு ஆகாததால் எரிந்த பெட்ரோலின் நீராவி ஆயிலிலும் சைலன்சருக்குள்ளும் தங்கிவிடும். உள்ளிருந்து துரு பிடிக்கும்.

இருப்பதே அந்த ஒரு வண்டிதான், அதில்தான் நைட் ஷிஃப்ட் போகிறாய் என்றால் இந்தப் பேச்சே உனக்கு இல்லை. ரெயின்கோட் வாங்கு, செயினுக்கு ஆயில் போடு, நல்ல டயர் போடு. 1980-ல் இதே ஓசூரில் டிவிஎஸ் 50 வெளிவந்தபோது எனக்கு மீசை முளைத்துக்கொண்டிருந்தது. பால் கேன், புல்லுக்கட்டு, பெண்டாட்டி பிள்ளை எல்லாம் ஏற்றி மழையிலும் ஓட்டினார்கள். எவனும் அதற்குப் போர்வை போர்த்தவில்லை. 2017 டிசம்பரில் வெளிவந்த அப்பாச்சி ஆர்ஆர் 310-ம் அதே கம்பெனி, அதே ஊர்த் தயாரிப்பு. அதைத் துணியால் துடைத்துத் துடைத்தே பெயிண்ட் தேய்க்கிறீர்கள். காலம்!

6. பேஸ்மென்ட்டில் வைக்காதே.

2022 செப்டம்பரில் பெங்களூரு வெள்ளத்தில் பங்களாக்காரர்களின் கார்கள் கூரைவரை மூழ்கிக் கிடந்த படங்களை உலகமே பார்த்தது. மழைக்குப் பயந்து மூடுகிற வண்டியைத் தண்ணீர் முதலில் தேடி வரும் இடத்தில் வைப்பது என்ன புத்தி? தரை ஒரு சாண் உயர்ந்த இடம் பார். மண் தரை வேண்டாம், ஈரம் மேலே ஏறும். தப்பித்தவறி மூழ்கிவிட்டால் சாவியைத் திருப்பாதே. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளியோ தூக்கியோ கொண்டு வா.

7. மூடுகிற நாளின் வேலை.

டேங்கை நிரப்பு. காலி டேங்கில் காற்று, காற்றில் ஈரம், ஈரத்தால் துரு. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு சேர்ந்து அடியில் தங்கும். டேங்கில் காற்றுக்கு எவ்வளவு குறைவாக இடமோ அவ்வளவு நல்லது. இரண்டு மூன்று மாதத்துக்கு இது போதும். ஆன்சைட் போகிறேன், ஒரு வருடம் ஆகும் என்றால் கதை வேறு. பெட்ரோலை இறக்கிவிடு, அல்லது நம்பிக்கையான ஆளிடம் சாவியைக் கொடுத்து ஓட்டச் சொல்.

வண்டியை எடுக்கும்போது ஆயிலை மாற்றலாம் என்று நினைக்காதே, மூடும்போதே மாற்று. ஓடின ஆயிலில் அமிலம் சேர்ந்திருக்கும். அதை மாதக்கணக்கில் பேரிங் மேல் ஊறவைக்கக் கூடாது.

பேட்டரியில் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்று. கழற்றவில்லையென்றால் அலாரமும் கடிகாரமும் சொட்டுச் சொட்டாகக் குடித்துவிடும். மீட்டர் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட் முழு சார்ஜ். 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் போடு.

பைக் என்றால் முன்னும் பின்னும் ஸ்டாண்டில் தூக்கி நிறுத்து. கார் என்றால் டயரில் காற்றைக் கொஞ்சம் கூடுதலாக வை, இல்லாவிட்டால் ஒரே பக்கம் அமுங்கிச் சப்பையாகும். ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைக்காதே. ஈரத்தில் பேட் டிஸ்கோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வை.

8. தார்ப்பாயும் எலியும்.

இது நான் செய்த தப்பு. பெங்களூரிலிருந்து ஒருவர் தன் இரண்டு கதவு காரை என் ஷெட்டில் மழைக்காலம் முழுக்க விட்டுப் போனார். பத்திரமாக இருக்கட்டும் என்று நீலத் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினேன். தை மாதம் பிரித்தால், உள்ளே வேர்த்து வேர்த்து சீட்டில் பூஞ்சை, நட்டு போல்ட்டிலெல்லாம் துரு. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தேன். பக்கத்து வீட்டு ராகிக் கதிரை இழுத்து வந்து எலி குடும்பமே நடத்தியிருந்தது. ஒயரிங்கில் பாதி அதன் பல் வேலை. மூன்று மாத வாடகையைப் போல பல மடங்கு என் கையிலிருந்து போனது. அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

காற்றுப் போகிற பருத்தித் துணி போர்த்து. ஷெட்டில் தானியம், நாய் பிஸ்கட், பழைய பேப்பர் எதுவும் வைக்காதே. சைலன்சர் வாயையும் காற்று இழுக்கும் வாயையும் துணியால் அடை. வாரம் ஒருமுறை போர்வையைத் தூக்கிப் பார். டார்ச் அடித்தால் எலிப் புழுக்கை தெரியும்.

9. இன்சூரன்ஸை நிறுத்தாதே.

ஓடாத வண்டிக்கு எதற்கு என்று கேட்பாய். ஓடாத வண்டியும் தீப்பிடிக்கும், திருடு போகும், மூழ்கும். புது பைக்குக்கு ஐந்து வருடம் சேர்த்துக் கட்டியது மூன்றாம் நபருக்கான காப்பீடு. உன் வண்டிக்கான பகுதி பெரும்பாலும் ஒரு வருடம்தான். அது முடிகிற தேதி ஐப்பசியில் வருகிறதா பார். வருகிறது என்றால் மூடும் முன் புதுப்பி.

10. எடுக்கிற நாள்.

காற்று பார், பிரேக் பிடித்துப் பார், ஒயரிங்கில் கடி இருக்கிறதா பார், டெர்மினலை மாட்டு. ஸ்டார்ட் ஆனதும் முறுக்காதே. ஆயில் மேலே ஏற அரை நிமிஷம் கொடு. முதல் நாள் பாகலூர் ரோடு வரை போய் வந்தால் போதும். ஹைவே மறுநாள்.

சைலன்சரில் அடைத்த துணிக்கு ஒரு சிவப்பு நாடா கட்டி, அதன் மறுமுனையை ஹேண்டில்பாரில் முடிந்து வை. ஒரு பொங்கலன்று நான் நாடா கட்ட மறந்து, செல்ஃபை அழுத்தி அழுத்தி பேட்டரியைத் தீர்த்து, கார்ப்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணி, பிளக் மாற்றி, மத்தியானம் வரை முட்டி மோதிக்கொண்டிருந்தேன். சாப்பாடு கொண்டு வந்த என் மனைவிதான் குனிந்து பார்த்துவிட்டு, "இந்தத் துணி எதுக்குங்க இங்க?" என்று கேட்டாள்.