எண்ணிக்கை தவறாத பயணம்

பாடம் 6 – உரைநடை

நுழையும்முன்

பேருந்தில் இருக்கை இல்லையெனில் நின்றுகொண்டு செல்கிறோம். தொடர்வண்டியில் சற்றே நெருங்கி அமர்ந்து இன்னொருவருக்கு இடம் தருகிறோம். 'இன்னும் ஒருவர்தானே' என்னும் சொல் நிலத்தில் அன்பின் சொல்லாகவே ஒலிக்கிறது. கடலிலும் அவ்வாறே ஒலிக்குமா? அந்தமானில் விரைவுப்படகில் தீவுகளைச் சுற்றிவந்த தமிழாசிரியர் ஒருவரின் பட்டறிவைப் படித்து அறிவோம்.

படகுத்துறையில்

சென்னையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், வங்காள விரிகுடாவில் அந்தமான் தீவுகள் அமைந்துள்ளன. அவற்றின் தலைநகர் போர்ட் பிளேர். 2024-ஆம் ஆண்டில் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. பணியிட மாறுதல் பெற்று நான் அங்குச் சென்ற முதல் ஆண்டில், விருப்பப்பாடமாகத் தமிழ் பயிலும் மாணவர் பதின்மரை அழைத்துக்கொண்டு தீவுகளைக் காணப் புறப்பட்டேன். உடன் பணிபுரியும் அறிவியல் ஆசிரியரையும் சேர்த்து நாங்கள் பன்னிருவர்.

மழைக்காலம் ஓய்ந்து கடல் அமைதியுற்றிருந்த சனவரி மாதம் அது. காலை எட்டரை மணிக்கு அபர்தீன் படகுத்துறையை அடைந்தோம். அங்கு எங்கள் வழிகாட்டி காத்திருந்தார். அவருடைய பாட்டனார் காலத்திலேயே இராமநாதபுரம் பகுதியிலிருந்து வந்து தீவில் குடியேறிய குடும்பம் அவருடையது. படகோட்டியுடன் இந்தியிலும் எங்களுடன் தமிழிலும் பேசினார். ஒவ்வொருவருக்கும் மிதவை மேலங்கி ஒன்றைக் கொடுத்து அணியச் செய்தார். பின்னர் ஒவ்வொருவரின் மேலங்கியையும் தோளருகே பிடித்து மேல்நோக்கி இழுத்துப் பார்த்தார்.

"வார் தளர்ந்திருந்தால் நீரில் விழும்போது மேலங்கி மட்டும் மிதந்து தலைக்குமேல் ஏறிவிடும், ஆள் நழுவிவிடுவார். அதனால்தான் இழுத்துப் பார்க்கிறேன்" என்றார்.

அதன்பின் எங்களை எண்ணினார். படகின் பக்கவாட்டில் எழுதப்பட்டிருந்த எண்ணைக் காட்டினார். படகோட்டியும் அவரும் நீங்கலாகப் பயணிகள் பத்துப் பேர் என்றிருந்தது. "பத்துப் பேர் இப்போது ஏறலாம். இருவர் அடுத்த படகில் வர வேண்டும்" என்றார்.

மாணவர்களின் முகம் வாடியது. எல்லாரும் ஒன்றாகச் செல்வோம் என்று நான் அவர்களுக்கு வாக்களித்திருந்தேன். "இருவர்தாமே, தம்பி! இவர்கள் சிறு பிள்ளைகள், எடை குறைந்தவர்கள். சற்று நெருங்கி அமர்ந்துகொள்கிறோம்" என்றேன்.

அவர் அதைப் படகோட்டியிடம் சொன்னார். முதியவரான படகோட்டி தலையை அசைத்து மறுத்தார், ஏதோ சொன்னார். வழிகாட்டி அதைத் தமிழில் எனக்குத் தெரிவித்தார்: "ஆள் எண்ணிக்கையில் சிறியவர், பெரியவர் என்னும் கணக்கு இல்லையாம், அம்மா."

எனக்குச் சினம் மூண்டது. அறிவியல் ஆசிரியர் தாமாகவே முன்வந்து, வகுப்பில் மிகச் சிறியவனான மாணவன் ஒருவனுடன் கரையில் நின்றுகொண்டார். எங்கள் படகு புறப்பட்டபோது அச்சிறுவன் கண்கலங்கி நின்றதைக் கண்டேன். படகோட்டியின் பிடிவாதத்தை மனத்துக்குள் கடிந்துகொண்டேன்.

விரைவுப்படகின் இயல்பு

விரைவுப்படகு மெதுவாகச் செல்லும்போது மற்றப் படகுகளைப் போலவே நீரில் அமிழ்ந்து செல்கிறது. பின்புறப் பொறி வேகம் கூட்டியதும் முன்பக்கம் எழும்புகிறது. அடிப்பகுதி நீரின் மேற்பரப்பில் வழுக்கிச் செல்லத் தொடங்குகிறது. அப்போது அலை ஒவ்வொன்றும் படகின் முன்பக்கத்தைத் தூக்கிக் கீழே போடும். அந்த அதிர்ச்சி முன் இருக்கையில் மிகுதி. பின் இருக்கையில் குறைவு. அதனால் முதுகுவலி உள்ளோரும் சிறுவரும் பின்புறம் அமர்தல் நன்று.

வழிகாட்டி எங்களை விரும்பிய இடத்தில் அமர விடவில்லை. இரு பக்கமும் எடை ஒத்திருக்குமாறு இருக்கை மாற்றினார். படம் எடுப்பதற்காக எவரும் எழுந்து நிற்கக்கூடாது என்றும், எல்லாரும் ஒரே பக்கம் சாயக்கூடாது என்றும் எச்சரித்தார்.

ராஸ் தீவு

சில நிமிடங்களில் ராஸ் தீவை அடைந்தோம். 2018-ஆம் ஆண்டில் இதற்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் சூட்டப்பட்டது. 1858-ஆம் ஆண்டில் அந்தமானில் ஆங்கிலேயர் கைதிகளுக்கான குடியிருப்பை நிறுவினர். அதன் பின்னர் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக இச்சிறு தீவே அவர்களின் நிர்வாகத் தலைமையிடமாக விளங்கியது. தேவாலயம், அடுமனை, நீச்சல்குளம், ஆணையர் மாளிகை எனக் கைதிகளின் உழைப்பால் கட்டடங்கள் எழுந்தன. 'கீழைநாட்டுப் பாரிஸ்' என்று அவர்கள் இதனைப் புகழ்ந்தனர். 1941-ஆம் ஆண்டு சூன் மாதம் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. 1942-ஆம் ஆண்டு மார்ச்சில் சப்பானியப் படை தீவுகளைக் கைப்பற்றியது. அவர்கள் அமைத்த பதுங்கு குழிகள் இன்றும் உள்ளன.

இப்போது அந்த மாளிகைகளுக்குக் கூரை இல்லை. ஆலமர இனத்து மரங்களின் வேர்கள் செங்கற்சுவர்களைத் தழுவிப் பற்றியிருக்கின்றன. புள்ளிமான்கள் அச்சமின்றி உலவுகின்றன. நாங்கள் தேவாலயத்தின் அருகே நின்றிருந்தபோது அறிவியல் ஆசிரியரும் சிறுவனும் வந்து சேர்ந்தனர். சிறுவன் அதற்குள் அழுகையை மறந்து மானைத் தேடத் தொடங்கியிருந்தான். சினத்தை மறவாதவள் நான் ஒருத்தியே.

நார்த் பே

அடுத்து நார்த் பே என்னும் கடற்கரைக்குச் சென்றோம். மாணவி ஒருத்தி பழைய சிவப்பு நிற இருபது ரூபாய்த் தாளைக் கொண்டுவந்திருந்தாள். அதன் பின்புறத்தில் காணப்படும் மலையும் கலங்கரை விளக்கமும் இப்பகுதியின் காட்சியே ஆகும். 2019-ஆம் ஆண்டில் வெளிவந்த புதிய தாளில் எல்லோராக் குகைகள் இடம்பெற்றுள்ளன.

'கலம்' என்றால் கப்பல். 'கரைதல்' என்றால் அழைத்தல். கலத்தைக் கரைந்து அழைக்கும் விளக்கு கலங்கரை விளக்கம். காகம் கரைகிறது என்கிறோமே, அதே சொல்தான். இதைச் சொன்னதும் மாணவர்கள் தாளையும் விளக்கையும் மாறிமாறிப் பார்த்து மகிழ்ந்தனர்.

கண்ணாடித் தளம் பொருத்திய படகில் சென்று பவளப்பாறைகளைக் கண்டோம். பவளம் கல்லன்று, நுண்ணிய உயிர்கள் கூடிவாழும் இல்லம். அதன்மேல் காலூன்றினால் அவ்வுயிர்கள் மடியும். அதை ஒடிப்பதும் எடுத்துச் செல்வதும் குற்றமாகும்.

புறப்படும் நேரம் வந்தது. வகுப்புத் தலைவனை அழைத்து, "எல்லாரும் வந்துவிட்டோமா என்று எண்ணு" என்றேன். அவன் எண்ணினான், பதினொருவர். மீண்டும் எண்ணினான், பதினொருவரே. அவன் முகம் வெளுத்தது. கடலை நோக்கி ஓடப்போனான். அப்போது இருபது ரூபாய்த் தாளைக் கொண்டுவந்த மாணவி, "உன்னை எண்ணினாயா?" என்று கேட்டாள். எல்லாரும் உரக்கச் சிரித்தோம். வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருவின் கதையில் ஆற்றைக் கடந்த சீடர்கள் தத்தம்மை விட்டுவிட்டு எண்ணி, ஒருவனை ஆறு விழுங்கிவிட்டது என்று அழுதார்கள் அல்லவா? அவனுக்கு அன்றுமுதல் 'சீடன்' என்றே பெயராயிற்று.

வழிகாட்டி மட்டும் சிரிக்கவில்லை. "தம்பி ஆளைத் தேடி ஓடப்போனான். அது நல்லது" என்றார். சிறிது நேரம் கழித்து என்னிடம் தாழ்ந்த குரலில் கூறினார்: "2014-ஆம் ஆண்டு சனவரி 26, குடியரசு நாள். இதே கடற்பகுதியில் சுற்றுலாப் படகு ஒன்று மூழ்கியது. அனுமதித்த அளவைவிட அதிகமானோர் அதில் ஏறியிருந்தனர். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பலர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள், அம்மா. அவர்களும் ஒன்றாகத்தான் செல்ல விரும்பியிருப்பார்கள்."

காலையில் நான் சொன்ன 'இருவர்தாமே' என்னும் சொல் என் காதில் மீண்டும் ஒலித்தது. விடை கூற இயலாமல் நின்றேன்.

வைப்பர் தீவு

பிற்பகலில் காற்று எழுந்தது. மீண்டும் பத்துப் பேர் ஒரு படகிலும் இருவர் மற்றொரு படகிலும் ஏறினோம். இம்முறை நான் எதுவும் கேட்கவில்லை. படகின் விளிம்புக்கும் கடல்நீருக்கும் இடையே இருந்த உயரத்தை முதன்முறையாகக் கவனித்தேன். பளு கூடக்கூடப் படகு தாழும். அந்த உயரம் குறையும். அமைதியான துறையில் அது பெரிதாகத் தோன்றாது. அலை எழும்போது நீர் உள்ளே புகாமல் காப்பது அந்தச் சிறு உயரமே. அலை ஒன்று மோதி எங்களை நனைத்தது. படகோட்டி வேகத்தைக் குறைத்து, அலைக்குக் குறுக்கே படகு திரும்பிவிடாதவாறு செலுத்தினார்.

வைப்பர் தீவில் கரையிறங்காமல் படகிலிருந்தே கண்டோம். 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறைக்கு முன்பே இங்கே சிறை இருந்தது. கைதிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டு வேலை வாங்கப்பட்டனர். மேட்டின்மேல் தூக்குமேடைக் கட்டடம் தெரிந்தது. இந்தியத் தலைமை ஆளுநராக இருந்த மேயோ பிரபுவைக் கொன்ற ஷேர் அலி, 1872-ஆம் ஆண்டு மார்ச்சில் இத்தீவில்தான் தூக்கிலிடப்பட்டார். அந்தமானில் கைதிகள் எண் பொறித்த வில்லையைக் கழுத்தில் அணிய வேண்டியிருந்தது. பெயர் மறைந்து எண்ணே ஆளாயிற்று.

அவர்களையும் நாள்தோறும் எண்ணியிருப்பார்கள். ஒருவரும் தப்பிவிடக்கூடாது என்பதற்காக. எங்களையும் அன்று துறைதோறும் எண்ணினார்கள். ஒருவரும் தவறிவிடக்கூடாது என்பதற்காக. இரண்டும் எண்ணிக்கையே, நோக்கம் வேறு.

கரை சேர்ந்தபின்

மாலையில் அபர்தீன் துறையில் இறங்கினோம். வழிகாட்டி கடைசியாக ஒருமுறை எண்ணினார், பன்னிருவர். நான் படகோட்டியிடம் சென்று, எனக்குத் தெரிந்த இந்தியில், "காலையில் நான் கேட்டது தவறு, ஐயா" என்றேன். அவர் புன்னகைத்துத் தலையசைத்தார். பின்னர்ப் படகினுள் தேங்கியிருந்த நீரை இறைக்கத் தொடங்கினார்.

மறுநாள் திங்கட்கிழமை. வகுப்பில் வருகைப் பதிவேட்டை விரித்தேன். அன்றுவரை பெயர்களை வாசித்துக்கொண்டே குறியிடுவது என் வழக்கம். தலையை நிமிர்த்திப் பார்த்ததில்லை. அன்று ஒவ்வொரு பெயருக்கும் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். பத்துப் பேரும் வந்திருந்தனர்.

சொல்லும் பொருளும்

பட்டறிவு – அனுபவம்
கடிந்துகொள்ளுதல் – கண்டித்தல்
அடுமனை – ரொட்டி முதலியன சுடும் இடம்
கலம் – கப்பல்
கரைதல் – அழைத்தல்
பளு – சுமை
வில்லை – வட்டமான சிறு தகடு

தெரிந்து தெளிவோம்

கடலைக் குறிக்கும் சொற்கள்: ஆழி, பரவை, பௌவம், புணரி, முந்நீர்.
நீரில் செல்லும் ஊர்திகளைக் குறிக்கும் சொற்கள்: ஓடம், தோணி, அம்பி, திமில், வங்கம், நாவாய்.

மதிப்பீடு

அ) சரியான விடையைத் தேர்க.

1. ஆங்கிலேயரின் நிர்வாகத் தலைமையிடமாக விளங்கிய தீவு
 (அ) வைப்பர் (ஆ) ராஸ் (இ) நார்த் பே (ஈ) அபர்தீன்
2. 'தவறாத பயணம்' என்பதன் இலக்கணக் குறிப்பு
 (அ) வினைத்தொகை (ஆ) பண்புத்தொகை (இ) எதிர்மறைப் பெயரெச்சம் (ஈ) உம்மைத்தொகை
3. 'படகுத்துறை' என்பதைப் பிரித்து எழுதக் கிடைப்பது
 (அ) படகு + துறை (ஆ) படகுத் + உறை (இ) பட + குத்துறை (ஈ) படகு + உறை

ஆ) ஓரிரு தொடர்களில் விடை தருக.

1. மிதவை மேலங்கியை வழிகாட்டி ஏன் இழுத்துப் பார்த்தார்?
2. 'கலங்கரை விளக்கம்' என்னும் பெயரின் பொருளை விளக்குக.
3. வகுப்புத் தலைவனின் எண்ணிக்கை தவறியது எதனால்?

இ) ஐந்து தொடர்களில் விடை தருக.

1. விரைவுப்படகில் இருக்கை அமைப்பும் எடையும் ஏன் முதன்மையாகின்றன?
2. ராஸ் தீவின் அன்றைய நிலையையும் இன்றைய நிலையையும் ஒப்பிடுக.

ஈ) விரிவாக விடை தருக.

'இரண்டும் எண்ணிக்கையே, நோக்கம் வேறு.' – இக்கூற்றைப் பாடப்பகுதியின் வழி விளக்குக.

உ) கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள படகுத்துறைக்கோ பேருந்து நிலையத்துக்கோ பெற்றோருடன் சென்று, அங்கு எழுதப்பட்டுள்ள பாதுகாப்பு விதிகளைத் தமிழில் எழுதி வருக.
2. 'இன்னும் ஒருவர்தானே' என்று கேட்கும் பயணிக்கும் மறுக்கும் படகோட்டிக்கும் இடையே நிகழும் உரையாடலைப் பத்து வரிகளில் அமைத்து, வகுப்பில் நடித்துக் காட்டுக.