பன்னிரண்டு வகை செல் இருந்தால் கோடி நிறம் தெரியுமா?

"சார், மான்டிஸ் இறாலுக்கு நம்மால் கற்பனைகூடப் பண்ண முடியாத நிறமெல்லாம் தெரியுமாமே?" போன மாதம் மட்டும் நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். அதில் இருவர் அறிவியல் ஆசிரியர்கள். வகுப்பிலும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றால் பொறுமையாக இருக்க முடியவில்லை.

கதை பிறந்த இடம் தெரிந்ததுதான். நிறம் பார்க்க நமக்கு மூன்று வகைக் கூம்பு செல்கள். பவளத்திட்டில் வாழும் மான்டிஸ் இறாலின் கண்ணுக்கு நடுவே ஆறு வரிசைப் பட்டை ஒன்று உண்டு. அதில் நான்கு வரிசைகளில் நிறத்துக்கென்றே 12 வகை ஒளிவாங்கி செல்கள். மூன்றுக்கே இத்தனை நிறம் என்றால் பன்னிரண்டுக்கு எத்தனை என்று பெருக்கிவிட்டார்கள்.

அந்தப் பெருக்கலை இறாலை வைத்தே சோதித்தாயிற்று. குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் ஹன்னே தோயன், ஜஸ்டின் மார்ஷல் குழுவினர் 2014இல் 'சயின்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். இறாலின் முன் இரண்டு ஒளியிழைகள், இரண்டிலும் வேறு வேறு நிற ஒளி. பழக்கிய நிறத்தைத் தேர்ந்தெடுத்தால் இரை கிடைக்கும். இரண்டு நிறங்களின் அலைநீளத்தையும் நெருக்கிக்கொண்டே வந்தார்கள். இடைவெளி 12 முதல் 25 நானோமீட்டர் என்ற அளவுக்கு வந்ததுமே இறால் தடுமாறியது. நாமோ 1 முதல் 4 நானோமீட்டர் வேறுபாட்டையே பிரித்துவிடுகிறோம். நிறம் பிரிப்பதில் அது நம்மைவிட மோசம்!

ஏன் இப்படி? நிறம் என்பது செல்லின் எண்ணிக்கையில் இல்லை, அடுத்த கட்ட நரம்பு செல்கள் போடும் கணக்கில் இருக்கிறது. நம் விழித்திரையில் ஒரு கூம்பின் சமிக்ஞையிலிருந்து இன்னொன்றின் சமிக்ஞை கழிக்கப்படுகிறது. அந்த மிச்சத்தில்தான் நுணுக்கம் பிறக்கிறது. இறால் அப்படிக் கழிக்காமல் பன்னிரண்டையும் தனித்தனியே படித்து, சட்டென்று அடையாளம் காண்கிறது என்பது அந்தக் குழுவின் விளக்கம். நம் விசைப்படகு மடியில் குப்பை மீனோடு ஏறிவரும் ஸ்குயில்லா குடும்பத்து மான்டிஸ் இறால்களுக்கு இந்த வசதியும் இல்லை. பட்டையில் இரண்டே வரிசை, பார்வை நிறமி ஒன்றே ஒன்று. நிறம் பிரிக்க வழியே கிடையாது.

"நண்டுக்கு ஒரு பொருள் ஆயிரமாகத் தெரியும்" என்பதும் தப்பு. அதன் கூட்டுக்கண்ணில் ஒவ்வொரு சிறுகண்ணும் ஒரு புள்ளியின் வெளிச்சத்தை மட்டுமே சொல்கிறது. எல்லாம் சேர்ந்து ஒரே காட்சி.

இறால், நண்டின் கண்ணை "நம் கண்ணின் சிறிய பதிப்புதான்" என்பார்கள். இல்லை. ஒளி பட்டால் நம் ஒளிவாங்கி செல்லின் மின்னழுத்தம் இறங்கும், இவற்றில் ஏறும். ஏறியதும் ஹிஸ்டமின் சுரந்து அடுத்த செல்லை அடக்குகிறது. மாறாத வெளிச்சம் அங்கேயே பெரும்பாலும் வடிகட்டப்பட்டு, மாற்றம் மட்டும் மேலே போகிறது. நிழல் ஆடியதும் நண்டு வளைக்குள் ஓடுவது அதனால்தான்.

கடைசியாக, "கண்காம்பை வெட்டினால் திரும்ப முளைத்துவிடும்." கடலோரக் குஞ்சு பொரிப்பகம் ஒன்றில் இதைச் சொல்லிக்கொண்டே ஒருவர் சூடான இடுக்கியால் தாய் இறாலின் ஒரு கண்காம்பை நசுக்கியதைப் பார்த்தேன். கையில் அது வாலை ஒரே உதறு உதறியது. முட்டை முதிர்வதைத் தடுக்கும் ஹார்மோன் அந்தக் காம்பில் இருக்கிறது, அதற்காகத்தான் வெட்டு. ஆனால் மேலே சொன்ன வடிகட்டல் நடக்கும் நரம்பு அடுக்குகளும் அதே காம்புக்குள்தான் இருக்கின்றன. அந்த நரம்புத்திரளோடு காம்பு போனால் அங்கே கண் முளைக்காது, உணர்கொம்பு போன்ற ஒன்று முளைக்கும் என்று கர்ட் ஹெர்ப்ஸ்ட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே காட்டிவிட்டார். வனாமி இறால் கண்ணை வெட்டாமலே முட்டையிடும். தாய் இறால்களைக் கொஞ்சம் கூடுதலாக வைத்து, நல்ல தீனி போட வேண்டும், அவ்வளவுதான். அந்தச் செலவுக்கு மனமில்லாமல்தான் இடுக்கியைச் சூடாக்குகிறார்கள்.