பழைய பாக்கெட் ரேடியோவை நாமே பழுது பார்க்கலாம்



2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நம் வீடுகளில் கரண்ட் இல்லை. செல்போன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. புயல் எங்கே நிற்கிறது, மழை எப்போது விடும் என்று கேட்க வழியில்லாமல் தவித்தோம். 2011 டிசம்பர் 30 அன்று வந்த தானே புயலிலும் இதே கதைதான். இரண்டு முறையும் கைகொடுத்தது இரண்டு செல்லில் ஓடும் சின்ன ரேடியோ. ஆனால் அது ஒரு சில வீடுகளில்தான் பாடியது. மற்ற வீடுகளில் பரணில் பழுதாகிக் கிடந்தது. அந்தப் பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே இந்த மாதப் பாடம்.

முதலில் நாங்கள் செய்த தவறு

எங்கள் தெருவில் வயதான உம்மா ஒருவர் மர்ஹூமான தம் கணவரின் பாக்கெட் ரேடியோவை எங்களிடம் கொடுத்தார். உப்பளத்தில் பாத்தி வேலைக்குப் போகும்போது அவர் சட்டைப் பையில் வைத்திருந்த ரேடியோ அது. ரமலானில் இலங்கை வானொலி முஸ்லிம் சேவையை அதில் கேட்டுத்தான் அந்த வீட்டில் நோன்பு திறப்பார்களாம். "புதுசு வாங்கித் தர்றேங்கிறான் மவன். எனக்கு இதுதான் வேணும் தம்பி" என்றார்.

நாங்கள் மூடியைத் திறந்தோம். உள்ளே மஞ்சள், வெள்ளை, கறுப்பு நிறத்தில் திருகுகள் தெரிந்தன. லூஸாகிவிட்டன போலும் என்று நினைத்து எல்லாவற்றையும் இறுக்கினோம். அவை ஐ.எஃப். காயில்கள். வரும் நிலையத்தின் அலையை 455 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பெருக்கும் இடம் அது. கம்பெனியில் கருவி வைத்துச் சரிசெய்த அமைப்பை ஒரு நிமிடத்தில் கெடுத்துவிட்டோம்.

உண்மையான பழுது இயர்போன் குத்தும் துளையில் இருந்தது. இயர்போன் குத்தினால் ஸ்பீக்கரைத் துண்டிக்க அங்கே ஒரு சிறு தகடு உண்டு. அந்தத் தகட்டில் பச்சை பிடித்து ஸ்பீக்கருக்குப் போகும் வழி அடைபட்டிருந்தது. பிளக்கைப் பத்துமுறை குத்தி எடுத்ததும் சத்தம் வந்துவிட்டது. ஆனால் நாங்கள் கெடுத்ததைச் சரிசெய்ய மூன்று இரவுகள் ஆயின. மூங்கிலைத் திருப்புளி போலச் சீவி, மெலிதாகக் கேட்கும் நிலையம் ஒன்றைப் பிடித்து, ஒவ்வொரு திருகையும் சத்தம் கூடும் பக்கமாகக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்பினோம்.

அமானிதமாக வந்த பொருளில் புரியாத இடத்தைத் தொடக்கூடாது என்று அன்று கற்றுக்கொண்டோம். நீங்களும் இந்த வரிசைப்படியே போங்கள்.

1. செல்லும் ஸ்பிரிங்கும்

பழுதில் பாதி இங்கேதான். பழைய செல் கசிந்து ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொடியோ பச்சையோ பூத்திருக்கும். ஆல்கலைன் செல் கசிவு காரத்தன்மை உடையது. எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டுத் தொட்டுத் துடையுங்கள். சாதாரணச் செல் கசிவுக்கு ஈரத் துணியே போதும். பிறகு பென்சில் அழிப்பானால் தகடு பளபளக்கும்வரை தேயுங்கள்.

நம் ஊருக்கு ஒரு தனிக் குறிப்பு. ரேடியோவுக்குள் படிந்த உப்பு, ஸ்பிரிட்டில் சரியாகக் கரையாது. தண்ணீரில்தான் கரையும். பஞ்சுக் குச்சியை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்து முதலில் உப்பைத் துடைக்க வேண்டும். அதன்பின் ஸ்பிரிட்டால் துடைத்தால் ஈரம் போய்விடும். கடல் உப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி கசிவது இதனால்தான். அதே ஈரம் ரேடியோவின் செம்பையும் அரிக்கிறது.

2. எவ்வளவு கரண்ட் இழுக்கிறது?

மல்டிமீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்து, செல்லுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் இணையுங்கள். வால்யூம் குறைவாக இருக்கட்டும். ஆறு டிரான்சிஸ்டர் ரேடியோ ஏறத்தாழ 5 முதல் 15 மில்லி ஆம்பியர் இழுக்கும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் சுவிட்ச் அல்லது ஒயர் அறுந்திருக்கிறது. 50க்கு மேல் போனால் உள்ளே ஷார்ட். உடனே செல்லைக் கழற்றிவிடுங்கள்.

3. ஸ்பீக்கர்

ரேடியோவின் செல்லைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் செல் ஒன்றை ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். "டக்" என்று கேட்டால் ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது. அடுத்து இயர்போன் துளையைப் பாருங்கள். நாங்கள் பார்க்காமல் விட்ட இடம் அது.

4. வால்யூம் கண்ட்ரோல்

திருப்பும்போது கரகரவென்றால் உள்ளே தூசி. கான்டாக்ட் கிளீனர் ஒரு துளி விட்டு இருபது முறை திருப்புங்கள். தேங்காய் எண்ணெயோ மண்ணெண்ணெயோ வேண்டாம். அவை தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வால்யூமை முழுதாக வைத்து, அதன் நடுக்காலைத் திருப்புளி நுனியால் தொடுங்கள். ஸ்பீக்கரில் "டக்" என்றோ இரைச்சலோ வந்தால் பின்பாதி வேலை செய்கிறது. பழுது முன்பாதியில்.

5. இரண்டு ரேடியோ சோதனை

நல்ல ரேடியோ ஒன்றை மீடியம் வேவில் 1200இல் வைத்துப் பக்கத்தில் வையுங்கள். பழுதான ரேடியோவின் முள்ளை 745 பக்கமாக மெதுவாக நகர்த்துங்கள். 745உடன் 455ஐக் கூட்டினால் 1200. அந்த இடத்தில் நல்ல ரேடியோவின் இரைச்சல் சட்டென்று மாறினால், பழுதான ரேடியோவின் ஆசிலேட்டர் உயிரோடு இருக்கிறது. மாறாவிட்டால் முதல் டிரான்சிஸ்டர் பகுதியைத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

6. கண்டென்சர்கள்

சத்தம் மெலிந்தால், அல்லது படகு மோட்டார் போல "புட் புட்" என்றால், முதலில் புதுச் செல் போட்டுப் பாருங்கள். அப்படியும் மாறாவிட்டால் எலக்ட்ரோலிடிக் கண்டென்சர்கள் காய்ந்திருக்கும். 10, 100 என்று மைக்ரோஃபாரட் அளவு அதன் மேலேயே எழுதியிருக்கும். அதே அளவு, அதே வோல்ட் அல்லது அதற்கு மேல் உள்ளதை வாங்குங்கள். கழற்றும் முன் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிளஸ், மைனஸ் மாறக்கூடாது. பழைய ஜெர்மானியம் ரேடியோக்கள் பலவற்றில் பிளஸ்தான் எர்த். இன்றைய வழக்கப்படி மாட்டினால் கெட்டுவிடும்.

7. டிரான்சிஸ்டர்

ஏ.சி.126, ஏ.சி.128 என்று எழுதியிருந்தால் அவை ஜெர்மானியம். சூடு தாங்காது. 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். காலைக் குறடால் பிடித்துக்கொண்டால் சூடு குறட்டுக்குப் போய்விடும். இதற்குப் பதிலாக இன்றைய சிலிக்கான் டிரான்சிஸ்டரை அப்படியே வைக்கக்கூடாது. ஜெர்மானியம் ஏறத்தாழ 0.2 வோல்ட்டில் திறக்கும். சிலிக்கானுக்கு 0.6 வோல்ட் வேண்டும்.

கேட்கும் முறை

உள்ளே இருக்கும் கறுப்பு ஃபெரைட் ராடுதான் ஏரியல். கீழே விழுந்தால் உடையும். மேலே சுற்றிய கம்பி மயிரிழை போன்றது. கவனம். ராடின் பக்கவாட்டில் வரும் அலையைத்தான் அது நன்றாகப் பிடிக்கும். நமக்குச் சென்னை வடக்கே, புதுச்சேரியும் கொழும்பும் தெற்கே. எனவே ராடு கிழக்கு மேற்காக இருக்கும்படி ரேடியோவைத் திருப்பி வைத்தால், சென்னை வானொலியின் 720 தெளிவாகக் கேட்கும்.

கேட்டு முடித்ததும் செல்லைக் கழற்றி, டிபன் டப்பாவில் சிலிக்கா பாக்கெட்டோடு மூடி வையுங்கள். ஐப்பசி பிறக்கும் முன் ஒருமுறை எடுத்துப் பாட வைத்துப் பாருங்கள்.

அந்த உம்மாவின் ரேடியோ இப்போது பாடுகிறது. வாங்கிக்கொண்ட அன்று அவர் காதோடு வைத்துக் கேட்டார். நிலையம் சரியாகப் பிடிக்கவில்லை, வெறும் இரைச்சல்தான். "இதே சத்தந்தான் தம்பி, விடியக்காலைல எங்க வீட்டுல கேக்கும்" என்றார். எங்கள் தவறை அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டோம்.

உங்கள் பரணிலும் ஒன்று இருக்கும். அடுத்த புயலுக்கு முன் இறக்கிப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் எங்களிடம் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். ஐ.எஃப். திருகுகளை மட்டும் தொடாமல் கொண்டு வாருங்கள்!