கோ-புராசசரைச் செருகும் முன்

மங்கலம்பேட்டைத் தம்பிக்கு,

பழைய எக்ஸ்டி கம்ப்யூட்டரை ஓட வைத்துவிட்டாய் என்று படித்ததும் மனசு நிறைந்தது. காலி சாக்கெட்டில் 8087 கோ-புராசசர் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகப் போடு. முதலில் சிப்பின் முதுகில் இருப்பதைப் படி. வெறும் 8087 என்றால் 5 மெகாஹெர்ட்ஸ், 8087-2 என்றால் 8, 8087-1 என்றால் 10. பின்னொட்டு எண் சின்னதானால்தான் வேகம் அதிகம்.

அந்த வேகம்கூடச் சிப் தாங்கும் எல்லைதான். ஓட்டுவது போர்டில் இருக்கும் கிளாக். மெயின் புராசசரான 8088 எடுக்கும் ஒவ்வொரு கட்டளையையும் 8087 கூடவே கவனித்து, தனக்கு வரும் கணக்கைத் தானே பிடித்துக்கொள்கிறது. அதனால் இரண்டும் ஒரே கிளாக்கில் ஓடியே ஆகவேண்டும். ஐபிஎம் பிசியில் 14.318 கிரிஸ்டலை மூன்றால் வகுத்து 4.77 எடுத்தார்கள், 5-க்கான சிப் அங்கே சுகமாக ஓடியது. உன் போர்டு டர்போவில் 8-க்குப் போகும் என்றால், அந்தச் சிப்பை வைத்துக்கொண்டு டர்போ பட்டனைத் தொடாதே. 8087 இயல்பாகவே 8088-ஐவிட அதிகம் சூடாகும். பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்தின் பக்கத்துப் பிள்ளைக்கு, பீங்கான் சூடு தாங்கும் என்று நான் சொல்ல வேண்டாம். பீங்கான் உறைக்குள் இருக்கும் சிலிக்கான் அவ்வளவு தாங்காது.

அடுத்த தலைமுறைக் கோ-புராசசரான 80287-இல் கதை மாறியது. அதற்குப் புராசசரின் வேகம் கட்டாயமில்லை. 1984-இல் வந்த 6 மெகாஹெர்ட்ஸ் ஐபிஎம் ஏடியில் அது 4-இல்தான் ஓடியது. 8 மெகாஹெர்ட்ஸ் ஏடியில் 5.33. சென்னை ரிச்சி தெருவில் காசை எண்ணி எண்ணிக் கொடுத்து 10 மெகாஹெர்ட்ஸ் 287 வாங்கி 6 மெகாஹெர்ட்ஸ் ஏடியின் சாக்கெட்டில் போட்டவருக்கும் அதே 4-தான் கிடைத்தது. தனி ஆசிலேட்டர் வைத்தால்தான் வேகம் கூடும். இதை வாங்குமுன் சொல்லாமல் விடுவது வாடிக்கையாளருக்குச் செய்யும் துரோகம். 387-க்கு வந்தால், 25 மெகாஹெர்ட்ஸ் போர்டில் 33 மெகாஹெர்ட்ஸ் சிப் நிம்மதியாக ஓடும். 33 போர்டில் 25 சிப்பை நம்பாதே.

மெஷின் உறைந்து நின்றால் பயப்படாதே, கோளாறு கண்ணுக்குத் தெரிகிறது. ஓடிக்கொண்டே ஒரு இலக்கத்தைத் தப்பாகத் தருவதுதான் ஆபத்து. ஆட்டோகேடில் வரைந்த கட்டடத்துக்கு அந்த இலக்கத்தை நம்பித்தான் கம்பி கட்டுவார்கள். ஆகவே ஒரு மணி நேரம் சூடேற விட்டு, நீளமான கணக்கு ஒன்றை ஓட்டு. டர்போ பாஸ்கலில் எமுலேஷனோடு எழுதிய நிரல் என்றால், டாஸில் ‘செட் 87=என்’ கொடுத்து கோ-புராசசர் இல்லாமல் மறுபடி ஓட்டு. இரண்டு விடையையும் ஒப்பிட்டுப் பார். மாறினால் முதலில் டர்போவை அணைத்துச் சோதி.

உன் போர்டில் உள்ள கிரிஸ்டல்களின் எண்களை அடுத்த கடிதத்தில் எழுது. எந்த 8087 வாங்குவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்